இளையோருடன் களப்பணி: மாணவர் வளர்ந்திருக்கிறார் என்று எதை வைத்துச் சொல்வது?

#1 பென்சில்முனை

சமூகப்பணி படிப்பவர்கள், களப்பணியில் வழிநடத்துபவர்கள் இரு தரப்புக்கும் இந்தக் கேள்வி.

பேச வசதியாக ஒரு மாதிரி: இளையோர் மையம் ஒன்றில் 16 வார இன்டர்ன்ஷிப். வாரம் 3 நாள், நாளுக்கு 7 மணி நேரம், மொத்தம் 336 மணி. மையத்துக்கு வருகிறவர்கள் 13 முதல் 17 வயதுக்காரர்கள். தனிநபர் பணி, குழுப்பணி இரண்டும் உண்டு. முடிவில் ஓர் அறிக்கை, அதில் "தொழில்முறை வளர்ச்சி" என்று ஓர் அத்தியாயம்.

பத்து அறிக்கைகளைப் புரட்டினால் அந்த அத்தியாயம் பத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறது. "பொறுமையைக் கற்றுக்கொண்டேன், தன்னம்பிக்கை வளர்ந்தது, இளைஞர்களின் உலகம் புரிந்தது." பெயரை மாற்றி ஒட்டினால்கூட யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "பொறுமை வந்தது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

வளர்ச்சியை எந்த ஆதாரத்தோடு காட்டுவது? 16ஆம் வாரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க 1ஆம் வாரத்திலேயே எதை எழுதி வைக்க வேண்டும்?

---

#2 களக்குறிப்பு

ஆதாரத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். பிராசஸ் ரெக்கார்டிங் என்று, சந்திப்பில் நடந்த பேச்சின் பதிவு ஒன்றை எல்லோரும் எழுதுகிறோமே, அதில்தான் இருக்கிறது. கையெழுத்து வாங்க மட்டும் எழுதுவதால் அது கண்ணில் படுவதில்லை.

பக்கத்தை நெடுக்காகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நடந்த பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை. இரண்டாவதில் அந்த நேரத்தில் மாணவருக்கு உள்ளே என்ன ஓடியது. மூன்றாவதில் அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார். நான்காவது சூப்பர்வைசருக்கு, காலியாக இருக்கட்டும். 45 நிமிடப் பேச்சை முழுசாக எழுத முயலாதீர்கள். சிக்கலான 10 நிமிடத்தை மட்டும் எடுங்கள், அதுவே 2 மணி நேரம் பிடிக்கும். அன்றைக்கே எழுத வேண்டும். இரவு தூங்கி எழுந்தால் மூளை பேச்சைத் திருத்தி வைத்திருக்கும், அதுவும் நமக்குச் சாதகமாகத் திருத்தியிருக்கும். எதிரே உட்கார்ந்துகொண்டு குறிப்பு எடுக்காதீர்கள். அவர் போன கையோடு ஏழெட்டு முக்கியச் சொற்களைத் துண்டுத்தாளில் கிறுக்கி வைத்தால் மாலையில் பேச்சு திரும்ப வந்துவிடும்.

இதே பிரச்சினை இரண்டு வேறு வாரங்களில் எப்படிப் பதிவாகிறது என்று பார்க்க, நானே இட்டுக்கட்டிய ஒரு ஜோடி.

2ஆம் வாரம்:

சிறுவன்: ஸ்கூலுக்கு இப்ப போறதில்ல.
மாணவர்: ஏன் போறதில்ல? படிப்பு போயிடுமே?
சிறுவன்: பிடிக்கல.
மாணவர்: டீச்சர் யாராவது திட்டினாங்களா?
சிறுவன்: இல்ல.
மாணவர்: ஃப்ரெண்ட்ஸோட சண்டையா?
சிறுவன்: (தோளைக் குலுக்கினான்)

10ஆம் வாரம், வேறொரு சிறுவன்:

சிறுவன்: ஸ்கூலுக்கு இப்ப போறதில்ல.
மாணவர்: "இப்ப"ன்னா, முன்னாடி போயிட்டிருந்தே.
சிறுவன்: பரீட்சை வரைக்கும் போனேன்.
(9 வினாடி மௌனம்)
சிறுவன்: மார்க் குடுத்த அன்னிக்கு எல்லார் முன்னாடியும் வாசிச்சாங்க.

முதலாவதில் மாணவர் வாய் திறந்த மூன்று முறையும் கேள்வி. அதில் இரண்டு ஊகம். பையனுக்காகப் பதில் பட்டியலை அவரே தயாரிக்கிறார். "ஆமா", "இல்ல" என்பதற்கு மேல் பேச அவனுக்கு இடமே இல்லை. இரண்டாவதில் கேள்விக்குறியே கிடையாது. பையன் சொன்ன ஒரே ஒரு சொல்லைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஊக்குவிப்பு நேர்காணல் என்று உளவியலாளர்கள் மில்லரும் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த முறையில் நான்கு அடிப்படைத் திறன்கள் உண்டு: திறந்த கேள்வி ("ஆமா", "இல்ல" என்று முடித்துவிட முடியாதது), பாராட்டி உறுதிசெய்தல், பிரதிபலிப்பு (அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது), தொகுத்துச் சொல்லுதல். பயிற்சி மாணவர்கள் முதலில் தொடுவது கேள்வியை, கடைசியில் தொடுவது பிரதிபலிப்பை. அந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதைப் பதிவேடே சொல்லிவிடும்.

எண்ணிப் பார்க்க வேண்டியவை: 10 நிமிடப் பதிவில் மாணவர் பேசிய வரிகள் எத்தனை, எதிரில் இருந்தவர் பேசியவை எத்தனை. மூடிய கேள்வி எத்தனை, திறந்த கேள்வி எத்தனை. முதல் பத்தியில் தவறிப்போய் நுழைந்த அபிப்பிராயச் சொற்கள் எத்தனை. "கோபமாக இருந்தாள்" என்பது அபிப்பிராயம், மூன்றாம் பத்திக்குப் போக வேண்டியது. "நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்" என்பதுதான் முதல் பத்திக்குரியது.

---

#3 மூன்றாம்பெஞ்சு

9 வினாடியை யார் எண்ணினார்கள் ஐயா? பையன் வாய் திறக்க மாட்டேன் என்கிறான், எதிரில் ஒருத்தர் வாட்சைப் பார்த்துக்கொண்டு!

---

#4 களக்குறிப்பு

நியாயமான கேள்வி :) வாட்சைப் பார்த்தால் அன்றைய சந்திப்பு அத்தோடு முடிந்தது. பதிவில் "சிறிய மௌனம்", "நீண்ட மௌனம்", "தாங்க முடியாத மௌனம்" என்று எழுதினால் போதும். மூன்றாவது வகை வாரம் ஏற ஏறக் குறையும். மௌனத்தின் நீளம் அதேதான் இருக்கும், மாணவருக்கு அது பழகிப்போயிருக்கும்.

---

#5 வட்டநாற்காலி

எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மதிப்பெண்ணுக்கு எண்ணுகிறார்கள் என்று தெரிந்த மறுவாரமே பதிவேட்டில் திறந்த கேள்விகளாகப் பொங்கி வழியும். நடந்தது ஒன்று, எழுதியது ஒன்று. அதைக் கண்டுபிடிக்க வழியும் கிடையாது.

பதிவேட்டை விட நம்பகமான இடம் மேற்பார்வைக் கூட்டம், அதாவது மாணவரும் சூப்பர்வைசரும் வாராவாரம் உட்காரும் ஒரு மணி நேரம். மாணவர் அங்கே என்ன கேள்வியோடு வருகிறார் என்று பாருங்கள். முதல் மாதத்தில் "நான் இப்ப என்ன செய்யணும்?" அப்புறம் "இப்படிச் செய்தேன், சரியா?" நன்றாகப் போனால் 11, 12ஆம் வார வாக்கில், "இரண்டு வழி தெரிந்தது, இந்தக் காரணத்துக்காக இதை எடுத்தேன், இந்த இடத்தில் இடித்தது" என்று வருவார். இது வேஷம் போட்டு வராது. காரணம் சொல்லச் சொல்லித் தோண்டினால் இரண்டே நிமிடத்தில் வெளுத்துவிடும்.

ஆனால் அதற்குக் கூட்டம் ஒழுங்காக நடக்க வேண்டும். மேற்பார்வைக்கு மூன்று வேலை உண்டு என்று சமூகப்பணி அறிஞர் கடூஷின் வகுத்தார்: நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு. நிஜத்தில் ஒரு மணி நேரமும் முதல் வேலைக்கே போய்விடுகிறது. வருகைப் பதிவு, கையெழுத்து, அடுத்த வார நிகழ்ச்சிக்கு நாற்காலி போதுமா என்ற விசாரணை. இதற்கு மருந்து எளிது. முந்தைய நாளே மாணவர் அரைப் பக்கம் அனுப்பிவிட வேண்டும்: இந்த வாரம் எங்கே தடுமாறினேன், ஒரு பதிவின் 10 வரி, கேட்க விரும்பும் ஒரு கேள்வி. கையெழுத்து விவகாரம் கடைசி 5 நிமிடத்துக்கு. இந்த அரைப் பக்கங்களைத் தேதி போட்டு ஒரே கோப்பில் சேர்த்தாலே 15, 16 தாள் சேர்ந்துவிடும். நீங்கள் கேட்ட ஆதாரம் அதுதான்.

---

#6 களக்குறிப்பு

அரைப் பக்க யோசனை பிரமாதம், ஏற்கிறேன். ஆனால் எண்ணிக்கையைக் கைவிட மாட்டேன். எண்ணுவது மாணவரே, தனக்காக. சூப்பர்வைசரிடம் காட்டவே வேண்டாம். மதிப்பெண்ணோடு கட்டாதவரை ஏமாற்றுவதற்குக் காரணம் இல்லை.

---

#7 ஈரமண்

இரண்டு பேரும் 10ஆம் வாரத்தில் நிற்கிறீர்கள். 1ஆம் வாரத்தில் என்ன எழுதி வைப்பது என்று பென்சில்முனை கேட்டது அப்படியே கிடக்கிறது.

கற்றல் ஒப்பந்தம். முதல் 2 வாரத்துக்குள் மாணவர், மைய சூப்பர்வைசர், கல்லூரி ஆசிரியர் மூவரும் கையெழுத்திடுவது. இலக்கு 4 அல்லது 5, அதற்கு மேல் போனால் எதுவும் நடக்காது. "தொடர்பாற்றலை மேம்படுத்திக்கொள்வேன்" என்று எழுதினால் அது இலக்கு இல்லை, ஆசை. இப்படி எழுதுங்கள்:

"6ஆம் வாரத்துக்குள் 3 பேரை முதல்முறை தனியே சந்திப்பேன். ஒவ்வொரு சந்திப்பிலும் முதல் 5 நிமிடத்துக்குள் ரகசியத்தின் எல்லையை எளிய சொற்களில் சொல்வேன். ஆதாரம்: 3 பதிவுகள், அவற்றில் ஒன்றிலாவது சூப்பர்வைசர் உடன் இருந்து பார்த்த குறிப்பு."

என்ன செய்வேன், எப்போதைக்குள், எதைக் காட்டுவேன். மூன்றும் இருந்தால் 8ஆம் வார இடைமதிப்பீட்டில் பேச ஏதாவது இருக்கும். இலக்கு தப்பென்று தெரிந்தால் அங்கேயே அடித்துவிட்டு வேறு எழுதலாம். அடித்த வரியை அழிக்காமல் விடுங்கள். ஏன் அடித்தோம் என்பதே வளர்ச்சி அத்தியாயத்துக்கு நல்ல தீனி.

கூடவே 1ஆம் வாரத்தில், யாரையும் சந்திப்பதற்கு முன், ஒரு பக்கம்: "இந்த வயதுக்காரர்களிடம் எனக்கு எதைப் பார்த்தால் எரிச்சல் வரும், எதைப் பார்த்தால் பரிதாபம் வரும்?" உறையில் போட்டு ஒட்டி சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுங்கள். 16ஆம் வாரம் பிரிக்கலாம். பரிதாபப் பட்டியல்தான் அதிகம் தடுமாற வைக்கும், பலரும் எரிச்சலைத்தான் ஆபத்து என்று நினைத்திருப்பார்கள்.

---

#8 தாழ்வாரம்

மேலே ரகசியத்தின் எல்லை என்று ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். அதை விரித்தே ஆக வேண்டும், இளையோர் பணியில் மாணவர்கள் சறுக்குகிற முதல் இடம் அது.

"என்கிட்ட சொல்லு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." இந்த வாக்கியத்தைப் பயிற்சியின் முதல் நாளே நாக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். சொன்ன பிறகு, வீட்டில் ஒருவர் தன்னை அடிக்கிறார் என்று அந்தப் பிள்ளை சொன்னால் இரண்டே வழிதான். வாக்கை மீறுவது, அல்லது பிள்ளையை ஆபத்தில் விடுவது. இரண்டுமே நம்பிக்கையை உடைக்கும்.

மாற்றாகச் சொல்லக்கூடியது, பிரச்சினை வெளியே வருவதற்கு முன்பே: "நீ பேசுறது நமக்குள்ள இருக்கும். மூணு விஷயம் மட்டும் என்னால வெச்சுக்க முடியாது. நீ உன்னைக் காயப்படுத்திக்கப் போற மாதிரி இருந்தா, வேற யாரையாவது காயப்படுத்தப் போற மாதிரி இருந்தா, உன்னை யாராவது காயப்படுத்திட்டிருந்தா. அப்ப என் சூப்பர்வைசர்கிட்ட சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் கவனித்துக் கேட்பது அதைத்தான். சொல்லிவிட்டு, "நான் சொன்னதுல என்ன புரிஞ்சுது, உன் வார்த்தையில சொல்லேன்" என்று கேளுங்கள். தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை.

உண்மையிலேயே அப்படி ஒன்று வெளியே வந்துவிட்டால், தோண்டக் கூடாது. "அவர் உன்னைத் தொட்டாரா?" போலப் பதிலை உள்ளே வைத்த கேள்வி கேட்கவே கூடாது, பின்னால் விசாரணை வந்தால் பிள்ளையின் வாக்குமூலத்தையே அது கெடுத்துவிடும். "சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்ல. இதை நான் சூப்பர்வைசர்கிட்ட கொண்டு போறேன், நீயும் கூட வர்றியா?" அவ்வளவு போதும். பிள்ளை பயன்படுத்திய சொற்களிலேயே, நேரம் போட்டு எழுதி, மையத்தை விட்டுக் கிளம்புமுன் சூப்பர்வைசரிடம் சேர்த்துவிட வேண்டும். "நாளைக்குச் சொல்லிக்கலாம்" கிடையாது. அன்று அவர் விடுப்பு என்றால் அடுத்த பொறுப்பாளர் யார், எந்த எண் என்பது முதல் நாளே மாணவர் கையில் இருக்க வேண்டும். யார் யாருக்குப் புகார் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதையும் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

தற்கொலை எண்ணம் பற்றியும் ஒன்று. "கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்ததாகிவிடுமோ" என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை. கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அபாயத்தை எடைபோட்டு முடிவெடுப்பது மாணவரின் தனி வேலை இல்லை. அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல் கூடவே இருந்து, பொறுப்பானவரை அங்கே வரவழைப்பதுதான் மாணவரின் வேலை.

---

#9 மூன்றாம்பெஞ்சு

தாழ்வாரம் அக்கா, இதில் வளர்ச்சி எங்கே வருகிறது? விதியைப் பின்பற்றுவது வளர்ச்சியா?

---

#10 தாழ்வாரம்

விதியை ஒப்பிப்பது வளர்ச்சி இல்லை தம்பி. முதல் மாதத்தில் அந்த மூன்று விலக்குகளையும் டிக்கெட் பின்புறத்து நிபந்தனை மாதிரி ஒரே மூச்சில் படித்துவிடுவார்கள். பிறகு 13 வயதுக்கு ஒரு சொல், 17 வயதுக்கு ஒரு சொல் என்று மாறும், நடுவில் நிறுத்துவார்கள், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். களக்குறிப்பு சொன்ன பதிவுகளில் இதை அப்படியே பார்க்கலாம். விதி அதேதான், வாயில் உட்கார்ந்துவிட்டது.

---

#11 நத்தைக்கூடு

குழுப்பணிப் பக்கம் வருவோம்.

மாணவர் பொறுப்பேற்று ஒரு குழுவை நடத்தப் போகிறார் என்றால் 8 முதல் 10 பேர், 8 அமர்வு, ஒவ்வொன்றும் 65 நிமிடம். கூட ஒரு துணை நடத்துனர். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காராமல் வட்டத்தில் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் முதுகுப் பக்கம் நடப்பதை மற்றவர் பார்க்கலாம், கண் ஜாடையும் காட்டலாம். நேரப் பங்கீடு சுமாராக: திறப்பு 10, செயல்பாடு 30, அதைப் பற்றிய பேச்சு 20, முடிப்பு 5. புதியவர்கள் வழக்கமாகச் சொதப்புவது மூன்றாவதில். செயல்பாடு களைகட்டிவிட்டால் நிறுத்த மனம் வராமல் 50 நிமிடம் ஓட்டிவிட்டு, பேச்சுக்கு 3 நிமிடம் வைப்பார்கள். விளையாடிக் கலைந்தார்கள் என்பதைத் தவிர அமர்வில் ஒன்றும் மிஞ்சாது.

விதிமுறைகளைச் சார்ட்டில் எழுதிக்கொண்டு போகாதீர்கள். அவர்களே சொல்லட்டும், 5க்கு மேல் வேண்டாம். "ஒருத்தர் பேசும்போது மத்தவங்க கிண்டல் பண்ணக்கூடாது" என்று அவர்கள் வாயால் வந்தால் மீறும்போது அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

3ஆம், 4ஆம் அமர்வில் குழு வெடிக்கும். இரண்டு பேர் முறைத்துக்கொள்வார்கள், ஒருவர் வரமாட்டார், ஒருவர் "இது போரடிக்குது" என்று சத்தமாகச் சொல்வார். உளவியலாளர் டக்மன் 1965இல் குழுவின் போக்கை உருவாதல், கொந்தளித்தல், ஒழுங்கமைதல், செயல்படுதல் என்று நான்காகப் பிரித்தார். 1977இல் ஜென்சனோடு சேர்ந்து கலைதலையும் சேர்த்தார். இதை வகுப்பில் மனப்பாடம் செய்து 10 மார்க் வாங்கிய அதே மாணவர், கொந்தளிப்பு கண்ணெதிரே வந்ததும் "என் குழு தோற்றுவிட்டது" என்று எழுதுவார். கூடவே அடுத்த அமர்வுக்கு இன்னும் பெரிய விளையாட்டாகத் தயாரித்துக்கொண்டு போவார், சண்டை அமுங்கட்டும் என்று. அமுங்கும், பிறகு 7ஆம் அமர்வில் வெடிக்கும். செய்ய வேண்டியது, திட்டத்தை ஓரம் வைத்துவிட்டு "போன வாரம் இங்க ஒண்ணு நடந்தது, அதைப் பேசலாமா?" என்று தொடங்குவது. திட்டத்தாளை மூடிவைக்க முடிகிற நாள்தான் குழுப்பணியில் ஒரு மாணவரின் திருப்புமுனை என்று நான் சொல்வேன். அமர்வு அறிக்கையில் "திட்டமிட்டது / நடந்தது / ஏன் மாற்றினேன்" என்று மூன்று கட்டம் போட்டால் இது தானாகவே பதிவாகும்.

இன்னொன்று, "இளையோர் பங்கேற்பு" என்று அறிக்கையில் தாராளமாக எழுதுகிறார்களே, அது. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் வந்தபோதே, பிள்ளையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்டு எடைகொடுக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்லிவிட்டது. ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது பங்கேற்பை 8 படி ஏணியாக வைத்தார். கீழ் மூன்று படிகள், அதாவது ஆட்டுவித்தல், அலங்காரமாக நிறுத்துதல், ஒப்புக்குச் சேர்த்தல் ஆகியவை பங்கேற்பே இல்லை என்கிறார். மேடையில் பிள்ளையை ஏற்றி, நாம் எழுதிக்கொடுத்த பேச்சை வாசிக்க வைத்துவிட்டு "இளையோர் தலைமை" என்று தலைப்புப் போடுவது இந்த மூன்றில் ஏதோ ஒன்று. மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: தலைப்பைத் தேர்ந்தது யார்? செலவுக் கணக்கு யாரிடம் இருந்தது? வேண்டாம் என்று நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இருந்ததா? முதல் அமர்வும் எட்டாம் அமர்வும் இந்த ஏணியில் எந்தெந்தப் படி என்று மாணவரே குறிக்கட்டும்.

---

#12 வட்டநாற்காலி

ஏணியின் உச்சிக்குப் போவதே குறி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில வேலைகளுக்கு "தெரிவித்து, கருத்துக் கேட்டு" என்ற படியே நேர்மையானது. அதிகாரம் கொடுக்க முடியாத இடத்தில் கொடுத்ததாக நடிப்பதுதான் மோசம்.

---

#13 ஈரமண்

எல்லைக்கோடுகள். சுருக்கமாக.

20, 21 வயது மாணவருக்கும் 17 வயதுக்காரருக்கும் இடையே மூன்று, நான்கு வருடம்தான். அதனால்தான் வழுக்கும். சொந்த மொபைல் எண் கொடுப்பது, சமூக வலைத்தளத்தில் நட்பு ஏற்பது, சின்னக் கைமாற்று, மையம் மூடிய பிறகும் உட்கார்ந்து பேசுவது. தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றமாகத் தெரியாது. சேர்ந்தால் அந்தப் பிள்ளை மையத்தை விட்டுவிட்டு மாணவரைச் சார்ந்துகொள்ளும். மாணவர் 16ஆம் வாரம் போய்விடுவார்.

நட்புக் கோரிக்கை வந்தால் கண்டும் காணாமல் இருக்காதீர்கள், அது நிராகரிப்பாகப் போய்ச் சேரும். அடுத்த சந்திப்பில் நேரே சொல்லுங்கள்: "ரிக்வெஸ்ட் பார்த்தேன். மையத்துக்கு வர்ற யாரையும் நான் அங்க சேர்க்கிறதில்ல, உன்னை மட்டும் இல்ல. பேசணும்னா இங்க செவ்வாய், வியாழன் இருப்பேன்."

சொந்தக் கதை சொல்லலாமா என்று எப்போதும் கேட்பார்கள். "எனக்கும் இப்படி நடந்திருக்கு" என்று தொடங்கும் முன் ஒரே கேள்வி: இது யாருக்குப் பயன்? சொல்லி முடித்த பிறகு அந்தப் பிள்ளை மாணவருக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால் பதில் தெரிந்துவிட்டது.

சமூகப்பணியாளருக்கும் உதவி தேடி வருபவருக்கும் இடையிலான உறவு பற்றி ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் எழுதிய ஏழு கோட்பாடுகளில் "கட்டுக்குள் வைத்த உணர்வு ஈடுபாடு" என்று ஒன்று உண்டு. அதில் "கட்டுக்குள்" மட்டும் கண்ணில் பட்டவர்கள் மரக்கட்டையாகிவிடுகிறார்கள், "ஈடுபாடு" மட்டும் பட்டவர்கள் 7ஆம் வாரமே தூக்கம் கெட்டு நிற்கிறார்கள்.

---

#14 நத்தைக்கூடு

ரெஃபரலையும், அதாவது பிள்ளையை வேறொரு சேவைக்கு அனுப்பிவைப்பதையும் விட்டுவிட்டோம். முகவரிச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு "ரெஃபர் செய்யப்பட்டது" என்று கோப்பை மூடுவது முதல் மாதத்து வேலை. ஒழுங்காகச் செய்தால் இப்படி இருக்கும்: போக விருப்பமா என்று கேட்பது, என்ன தகவல் போகும் என்று காட்டி ஒப்புதல் வாங்குவது, பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே அங்கே போன் போட்டு யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்பது, முடிந்தால் முதல்முறை கூடப் போவது, ஒரு வாரத்துக்குள் போனாரா என்று விசாரிப்பது. போகவில்லை என்றால் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதாமல், எந்தப் படியில் அறுந்தது என்று எழுதுவது.

யாரிடம் அனுப்புவது என்பதற்கு முன், ஏற்கெனவே அவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்க்க சமூகப்பணி அறிஞர் ஆன் ஹார்ட்மன் உருவாக்கிய சூழல் வரைபடம் நல்ல கருவி. நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் பள்ளி, நண்பர்கள், உறவுகள், விளையாட்டு என்று வட்டங்கள். உறுதியான உறவுக்குத் தடித்த கோடு, மெலிந்ததற்குப் புள்ளிக்கோடு, உரசலுக்கு நெளிகோடு, பலம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதற்கு அம்பு. ஒரே நிபந்தனை: பேனா பிள்ளையின் கையில். மாணவர் வரைந்தால் அது மாணவரின் ஊகப்படம்.

---

#15 பென்சில்முனை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. பயிற்சி முடியும்போது பிள்ளைகளிடமிருந்து பிரிவது எப்படி? அத்தியாயத்தை எழுதும் வடிவம் என்ன? அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் கிப்ஸின் ஆறு படிச் சுழற்சியில்தான் எழுத வேண்டும் என்று சில இடங்களில் கட்டாயம்.

---

#16 தாழ்வாரம்

பிரிவுக்கு நான் பதில் சொல்கிறேன், வடிவத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசித் தேதியை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 12ஆம் வாரத்திலிருந்து ஒவ்வொரு சந்திப்பிலும் "இன்னும் நாலு தடவை", "இன்னும் மூணு" என்று எண்ண வேண்டும். பிரிவு நெருங்கும்போது சிலர் வருவதை நிறுத்துவார்கள், விடப்படுவதை விட நாமே விட்டுப் போவது மேல் என்று. சிலர் விட்டுவிட்ட பழைய பழக்கத்துக்குத் திரும்புவார்கள். சிலர் கடைசிச் சந்திப்பின் கடைசி 5 நிமிடத்தில் இதுவரை சொல்லாத பெரிய விஷயத்தைக் கதவுப் பிடியில் கை வைத்தபடி சொல்வார்கள். மூன்றும் எதிர்பார்க்கக்கூடியவை. மாணவர் செய்யும் தவறும் எதிர்பார்க்கக்கூடியதே: "அடிக்கடி வந்து பார்ப்பேன்." குற்ற உணர்வு பேசும் பேச்சு அது, வரமாட்டார்.

14ஆம் வாரத்தில் மூவர் சந்திப்பு: பிள்ளை, மாணவர், இனி பொறுப்பேற்கும் ஊழியர். எதைத் தெரிவிக்கலாம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். கோப்பில் ஒரு பக்க முடிவுச் சுருக்கம்: எதற்காக வந்தார், என்ன செய்தோம், என்ன மாறியது, என்ன மாறவில்லை, பாக்கி வேலை எது, யார், எந்தத் தேதிக்குள். "மாறவில்லை" கட்டத்தைக் காலியாக விட்ட கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

---

#17 களக்குறிப்பு

கிப்ஸ் 1988இல் வைத்த ஆறு படி: நடந்தது, உணர்ந்தது, நன்மை தீமை, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த செயல்திட்டம். ஆரம்பத்துக்கு நல்ல ஊன்றுகோல். ஆனால் முக்கால் பக்கம் முதல் இரண்டு படியிலேயே கரைந்துவிடும், "நடந்தது, ரொம்ப வருத்தமாக இருந்தது" என்று. முதல் இரண்டும் சேர்த்துக் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வையுங்கள். கட்டாயம் இல்லாத இடத்தில் கடைசி மாதத்தில் அதைத் தூக்கிப் போடலாம்.

அத்தியாயத்துக்கு என் பரிந்துரை மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் முன்னே ஒரு துண்டு, பின்னே ஒரு துண்டு, 8 முதல் 10 வரி. ஒன்று பேச்சுப் பதிவிலிருந்து, ஒன்று நத்தைக்கூட்டாரின் "திட்டமிட்டது / நடந்தது" தாளிலிருந்து, ஒன்று வட்டநாற்காலி சொன்ன அரைப் பக்கங்களிலிருந்து. ஜோடிக்குக் கீழே அரைப் பக்கம்: என்ன மாறியது, எது மாற்றியது, இன்னும் எது வரவில்லை. "எது மாற்றியது" என்ற இடத்தில் "அனுபவம்" என்று எழுதினால் செல்லாது. எந்தத் தேதி, எந்தக் கூட்டம், சூப்பர்வைசர் ஓரத்தில் எழுதிய எந்தக் குறிப்பு என்று வர வேண்டும்.

பின்துண்டு முன்துண்டை விட மோசமாக இருந்தால் அதையும் போடுங்கள். 13ஆம் வாரத்தில் சோர்ந்துபோய்ப் பழையபடி அறிவுரை சொல்ல ஆரம்பிப்பது சாதாரணம்.

---

#18 ஈரமண்

ஒரு எச்சரிக்கை. பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடாது. வயது, வகுப்பு, உடன்பிறந்தோர் எண்ணிக்கை, ஒரு அபூர்வ நோய், பெற்றோரின் வேலை, இவற்றில் மூன்று சேர்ந்தாலே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வாதத்துக்குத் தேவையில்லாத விவரம் ஒவ்வொன்றையும் வெட்டுங்கள், வயதை "பதின்ம வயதின் நடுவில்" என்று மங்கலாக்குங்கள். மேற்கோள் காட்டப்போகும் துண்டை மையத்திடம் காட்டி அனுமதி வாங்கிய பிறகே அறிக்கையில் ஒட்டுங்கள். துண்டுத்தாள்கள், வரைபடங்களின் மூலப் பிரதி மையத்தின் கோப்பில்தான் இருக்க வேண்டும், மாணவரின் பையிலோ மொபைல் படத்திலோ இல்லை.

---

#19 பென்சில்முனை

மொபைல் படம் என்றதும் பகீர் என்றது, பலரும் பதிவேட்டைப் படமெடுத்துத்தான் வீட்டில் தட்டச்சு செய்கிறார்கள். அதற்கு என்ன மாற்று?

---

#20 ஈரமண்

மையத்திலேயே தட்டச்சு செய்வது. 7 மணி நேரத்தில் கடைசி ஒரு மணியைப் பதிவுக்கென்று கற்றல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது, அந்த நேரத்துக்கு யாராவது நாற்காலி அடுக்கச் சொல்வார்கள்.